ஆண் அழலாம் என்கிறோம். எதற்கு, எவ்வளவு, யார் முன்னால்?

தொடுவானம் (இழையைத் தொடங்கியவர்)

"ஆம்பளை அழக்கூடாது" என்று இப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலம், ஆணும் மனுஷன்தானே, தாராளமா அழட்டும்" என்பார்கள். அந்தத் தாராளத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும் என்று தோன்றியது.

நான் பார்த்த வரையில் ஆணுக்கு அழ அனுமதி கிடைத்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. பெற்றவர்கள் இறந்தால் அழலாம். மகளைக் கல்யாணம் முடித்து அனுப்பும்போது கண் கலங்கலாம். அதைப் படம்கூட எடுப்பார்கள். விளையாட்டில் ஜெயித்தாலும் தோற்றாலும் அழலாம். 2022 செப்டம்பரில் லண்டனில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்ததும், அவரும் பல வருடம் அவரை எதிர்த்து ஆடிய ரஃபேல் நடாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுத படத்தை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்! எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் 20 கிராண்ட்ஸ்லாம் கோப்பைகள் இருந்தன. பலத்தைக் காட்டி முடித்தவன் அழுதால் நமக்கு அழகாகத் தெரிகிறது.

வேலை போனவன் அழுதால்? நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஒருவன் அழுதால்? இன்ன காரணம் என்று சொல்லத் தெரியாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அழுதால்? அங்கே தாராளம் காணாமல் போய்விடும்.

அளவும் உண்டு. கண் பனிக்கலாம், குரல் ஒரு நொடி தடுமாறலாம். மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதால் பார்க்கிறவர்கள் திரும்பிக்கொள்வார்கள். ஸ்டெஃபனி ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் ஒரு சகாவும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: தேம்பி அழுவதைவிடக் கலங்கிய கண்ணோடு நிற்பதற்கே மக்கள் நல்ல மதிப்புக் கொடுத்தார்கள். அடக்குவது வெளியே தெரிந்தால்தான் அழுகைக்கு மரியாதை.

ஆண்கள் அழ வேண்டும் என்று ஆண்களுக்குப் புத்தி சொல்கிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அழுதபோது பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை. என் கேள்வி அதுதான். உங்களுக்கோ, நீங்கள் பார்க்க இன்னொருவருக்கோ நடந்ததை எழுதுங்கள். அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது?

---

இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆண். தினமும் அழுகையைப் பார்க்கிற வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெண்கள் பெரும்பாலும் கதவுக்கு வெளியிலேயே அழுதுவிடுவார்கள். யாராவது வந்து பிடித்துக்கொள்வார்கள். ஆண்கள் எண்களைக் கேட்பார்கள். "ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது? காலையில 92-ன்னு சொன்னீங்களே, இப்ப ஏன் 88?" பதில் சொல்லி அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் அதே கேள்வியோடு வந்து நிற்பார்கள். கையில் இருக்கிற மருந்துச் சீட்டை நான்காக மடிப்பார்கள், பிரிப்பார்கள், மறுபடி மடிப்பார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் நைந்து கிழிகிற வரைக்கும் அது நடக்கும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "இந்த ஆள் ரொம்பத் தொந்தரவு பண்றார் சார்" என்பார்கள். அவர் அழுதுகொண்டிருக்கிறார், அதைப் பார்க்கக் கற்றுக்கொள் என்று சொல்லிக் கொடுப்பேன்.

நிஜமாகவே தாங்காமல் போனால் படிக்கட்டுக்குப் போவார்கள். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. இல்லையென்றால் கழிவறை. குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். வெளியே வரும்போது முகமெல்லாம் ஈரம். எது குழாய்த் தண்ணீர், எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. கெட்ட செய்தியைக் கேட்டதும் பல ஆண்கள் நிமிர்ந்து விடுவார்கள். "சரி, அடுத்து என்ன செய்யணும், எங்க கையெழுத்துப் போடணும்" என்பார்கள். "ஆபத்தைத் தாண்டியாச்சு" என்று சொல்லும்போதுதான் உடைவார்கள். நாள் கணக்காகப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் அவிழ்ந்துவிடும். நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அப்போதுகூடப் பக்கத்தில் இருப்பவர்கள், "அதான் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு அழறே" என்பார்கள்.

தொடுவானம் கேட்ட அந்த இரண்டு நிமிடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது: "நீங்களே இப்படி உடைஞ்சு போனா வீட்ல இருக்கறவங்க என்ன ஆவாங்க?" கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. முதுகைத் தடவிக்கொண்டுதான் சொல்கிறார்கள். ஆனால் அது காதில் விழுந்ததும் அழுகை நின்றுவிடும். முகம் இறுகுவதைக் கண் முன்னால் பார்க்கலாம். துக்கத்தோடு சேர்த்து வீட்டையும் அவர் தலையில் தூக்கி வைத்தாயிற்று.

---

நிதானி

இழையின் போக்கோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சண்டைக்காகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

அழாதவன் எல்லாம் அடக்கி வைத்திருக்கிறான் என்ற எண்ணம் இப்போது பரவலாகிவிட்டது. என் அக்கா இறந்தபோது மாமா அழவில்லை. அன்றும் இல்லை, நான் அறிய அதற்குப் பிறகும் இல்லை. அக்காவின் கைபேசியில் இருந்த குரல் பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, தேதி வாரியாகப் பிரித்து, எந்தப் பிள்ளைக்கு எது என்று தனித்தனியாக எடுத்து வைத்தார். "இன்னிக்கு மழை வரும் போலிருக்கு, துணியை எடுத்துடு" என்று அக்கா சொன்ன பதிவைக்கூட அழிக்கவில்லை. அதுதான் அவருடைய துக்கம். அவரிடம் போய் "மாமா, அழுதுடுங்க, மனசு லேசாகும்" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அவருக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. அழக்கூடாது என்று கட்டளை போட்ட காலம் போய், அழுதே ஆக வேண்டும் என்று கட்டளை போடும் காலம் வந்திருக்கிறது.

தவிர, ஒரு வீட்டில் ஆபத்து என்றால் யாராவது ஒருவர் வண்டியை ஓட்டியாக வேண்டும். எல்லோரும் அழுதால் நடக்காது. அந்த ஒருவரின் நிதானத்துக்கும் மரியாதை வேண்டும்.

---

செவிமடு

@நிதானி, உங்கள் மாமாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. மனநல ஆலோசகராக என் பதில்: அவர் அழாததில் எந்தக் குறையும் இல்லை. அழாமல் இருப்பது வேறு, வருகிற அழுகையைப் பிடித்து நிறுத்துவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் குழப்பம்.

பிடித்து நிறுத்துவதைப் பற்றி ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1990-களில் செய்த பரிசோதனைகள் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. மனதை உலுக்கும் காட்சிகளைக் காட்டி, ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களும் அப்படியே இருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த வருத்தம் குறையவில்லை. இரத்த ஓட்டத்தில் உடல் அதிகம் பாடுபட்டது பதிவாகியிருந்தது. முகத்தை அமைதியாக வைத்திருப்பது ஓய்வு அல்ல, உழைப்பு.

தொண்டையில் ஏதோ அடைப்பது போல வருமே, அதுவும் இப்படித்தான். உணர்ச்சி மிகும்போது மூச்சு நிறையப் போக வேண்டும் என்று குரல்வளை வாசல் அகலத் திறந்துகொள்கிறது. விழுங்க வேண்டுமானால் அது மூட வேண்டும். நாம் அழுகையை விழுங்கப் பார்க்கிறோம், வாசலோ திறந்து நிற்கிறது. அந்த இழுபறியைத்தான் கட்டி மாதிரி உணர்கிறோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். "அழுதால் நச்செல்லாம் வெளியேறும்" என்று எழுதுகிறார்களே, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அழுதவுடனே மனம் லேசாகிவிடும் என்பதும் எப்போதும் உண்மை இல்லை. 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை, படம் முடிந்த கையோடு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆக, அழுது முடித்தவரிடம் உடனே "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் இருக்காது. அவருக்கு நேரம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். பக்கத்தில் இருந்தவர் ஆதரவாக இருந்தாரா, சங்கடப்பட்டாரா என்பதைப் பொறுத்தே அழுதவர் பிற்பாடு அதை நல்லதாகவோ அவமானமாகவோ நினைக்கிறார். இதைச் சிகிச்சை அறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

---

மழைக்குமுன்

இந்த இரண்டு நிமிடத்தை எங்கள் வீட்டில் பார்த்தேன். என் தம்பிக்கு வேலை போயிற்று. ஒரு மாசம் யாரிடமும் சொல்லாமல் தினமும் காலையில் குளித்துக் கிளம்பிப் போய்வந்திருக்கிறான். ஒரு நாள் ராத்திரி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அப்பா ஏதோ சாதாரணமாக, "அடுத்த மாசம் லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்ல வாய் திறந்தான், அழுகைதான் வந்தது.

எங்கள் வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். அப்பா, "இதுக்குப் போயா? வேற வேலை பாத்துக்கலாம், என் சிநேகிதன்கிட்ட பேசறேன்" என்று போனைத் தேட ஆரம்பித்தார். சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அதுவும் அக்கறைதான், மற்றவர்கள் கேட்கக்கூடாது என்று. அத்தை, "சின்னப் பையன் பாக்கறான், கண்ணைத் துடை" என்றாள். ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் இருக்கிற கூடத்தில் அவனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் அழுதால் இதே வீட்டில் வேறு மாதிரி நடக்கும். அம்மா பக்கத்தில் வந்து உட்காருவாள். அதற்காகப் பெண்களுக்கு அழச் சுதந்திரம் இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். வீட்டுக்கு வெளியே நான் அழுதால் "இதுங்களுக்கு இதே வேலை", "அழுதே காரியம் சாதிப்பாளுங்க" என்பார்கள். நியாயமான கோபத்தில் கண்ணில் நீர் வந்தாலே நான் சொன்னதெல்லாம் செல்லாக்காசாகிவிடும். எங்கள் கண்ணீர் எடுபடுவதில்லை, அவர்கள் கண்ணீர் பயமுறுத்துகிறது. அழுகை பலவீனம் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் வேர்.

---

கேள்விக்குறி

எல்லாவற்றையும் சமூகத்தின் மேல் போடுவது சரியா? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஹார்மோன் வித்தியாசம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அழுகையைக் குறைக்கும், புரோலாக்டின் கூட்டும் என்று படித்திருக்கிறேன். ஆண் குறைவாக அழுவது இயற்கையாகவே இருக்கலாமே?

---

செவிமடு

இயற்கைக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1980-களில் வில்லியம் ஃப்ரே அமெரிக்காவில் எடுத்த கணக்கில் பெண்கள் மாதத்துக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல், ஆண்கள் ஒரு முறைக்குச் சற்று மேல் அழுதார்கள். இடைவெளி பெரியதுதான். ஆனால் கைக்குழந்தைகளில் இந்த இடைவெளி கிடையாது. பிள்ளைகள் வளர வளரத்தான் விரிகிறது. அது ஹார்மோன் மாறுகிற வயதும்தான், "பொம்பளப்புள்ள மாதிரி அழறான் பாரு" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வயதும்தான்.

உடம்பு மட்டும் காரணம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆட் விங்கர்ஹூட்ஸ் குழுவினர் 37 நாடுகளில் திரட்டிய தரவுகளை வைத்து 2011-ல் எழுதினார்கள். வசதியும் சுதந்திரமும் கூடிய நாடுகளில் மக்கள் அதிகமாக அழுவதாகச் சொன்னார்கள், ஆண் பெண் இடைவெளியும் அங்கேதான் அதிகம். துன்பம் அதிகமான இடத்தில் அழுகை அதிகம் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. அழ இடம் கிடைக்கிற இடத்தில்தான் அழுகை அதிகம்.

1976-ல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி இருவரும் செய்த ஒரு பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே குழந்தை, ஒரே படப்பதிவு. பெட்டியைத் திறந்தால் பொம்மை துள்ளி எழும், குழந்தை மிரண்டு அழும். அது ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் "கோபப்படுகிறது" என்றார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் "பயப்படுகிறது" என்றார்கள். பேச்சே வராத வயதில் ஒரு பிள்ளையின் பயத்தை அதன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கோபத்தைக் கொடுத்துவிட்டோம். பயந்த பிள்ளையைத் தூக்குவோம், கோபப்படும் பிள்ளையை விட்டுவிடுவோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

---

பழைய ஏடு

ஆண் அழாதவன் என்பது ஆதிகாலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. மன்னனோ வள்ளலோ இறந்தால் புலவர் அரற்றிப் பாடுவதற்குப் புறத்திணையில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. அதில் பாடியவர்களில் பலர் ஆண்கள். நட்பை இழந்தவன் ஊரறியப் புலம்பியது அன்றைக்கு இழுக்காகத் தெரியவில்லை. கிரேக்கத்தில் ஹோமரின் காவியங்களில் வரும் வீரர்களும் வாய்விட்டு அழுகிறார்கள். டிராய் மன்னர் கிழவர் பிரியம், தன் மகனைப் போரில் கொன்ற எதிரி வீரன் அக்கிலீசின் முன்னால் வந்து நிற்க, இருவரும் அவரவர் இழப்பை நினைத்து ஒரே கூடாரத்தில் அழுகிறார்கள். அதே ஹோமரில் ஒடிசியஸ், போர்க் கதையைப் பாணன் பாடக் கேட்டு அழும்போது மேலாடையால் முகத்தை மூடிக்கொள்கிறான். வெட்கமும் அப்போதே இருந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுததால் அவனை வீரனில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்துக் காலத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் கடுமை. 1972-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற எட்மண்ட் மஸ்கி, தன் மனைவியைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைக் கண்டித்துக் கொட்டும் பனியில் நின்று பேசினார். பேசும்போது அழுதார் என்று செய்தி வந்தது. முகத்தில் இருந்தது உருகிய பனிதான் என்று அவர் சொன்னார். அவர் பின்தங்கியதற்கு அந்தச் செய்தி முக்கியக் காரணம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அது பனியா கண்ணீரா என்பது எனக்கு முக்கியமில்லை. மனைவிக்காக ஒருவர் கண் கலங்கினார் என்பதை மறுத்துச் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் உறுத்துகிறது.

---

எட்டாம்வரிசை

அலுவலகத்தில் அழுதவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த சமயம். ராத்திரி மருத்துவமனை, பகலில் வேலை. ஒரு கூட்டத்தில் என் கணக்கில் தவறு இருக்கிறது என்று சொன்னார்கள். சின்ன விஷயம், திருத்திவிடலாம். அதற்குப் பதில் சொல்லும்போது குரல் போய்விட்டது. மேசை மேல் கையை வைத்துக்கொண்டு அழுதேன். மேலதிகாரி உடனே, "ஐந்து நிமிட இடைவேளை" என்றார். அறை காலியாகிவிட்டது. நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்.

மறுநாளிலிருந்து யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பற்றி மட்டும் இல்லை, அப்பாவைப் பற்றியும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை தினமும் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டவர்கள்! கேட்டால் மறுபடி அழுதுவிடுவேனோ என்ற பயம். அப்புறம் பெரிய வேலைகள் என் பக்கம் வருவது குறைந்தது. "உனக்கு இப்ப பாரம் வேண்டாம்" என்றார்கள். அப்பா தேறி வீட்டுக்கு வந்த பிறகும் பாரம் திரும்பி வரவில்லை. அதே சமயத்தில் இன்னொருவர் கூட்டத்தில் கோப்பைத் தூக்கி எறிந்து கத்தினார். "அழுத்தம் அதிகம், பாவம்" என்று விட்டுவிட்டார்கள். அவருக்கு வேலை குறையவில்லை. உணர்ச்சிவசப்பட்டவன் என்ற பெயர் எனக்கு. கத்தியது உணர்ச்சி இல்லையாம்!

---

இருபத்திரண்டு

எல்லோரும் அழுததைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அழுகையே வருவதில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன், வருவதில்லை. விடுதியில் வளர்ந்தேன். அங்கே அழுதால் அந்த வருடம் முழுக்கப் பட்டப் பெயர்தான். அதனால் சின்ன வயதிலேயே பல்லைக் கடித்து, மேலே கூரையைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டி நிறுத்தப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். இப்போது சோகம் வரவேண்டிய இடத்தில் கோபம் வருகிறது. போன மாதம் நெருங்கிய நண்பன் வெளிநாடு போனான். வழியனுப்பும்போது அவனிடம் போய் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டேன். எனக்கு ஏதாவது கோளாறா?

---

செவிமடு

தம்பி, கோளாறு இல்லை. பழக்கம். உன்னைக் காப்பாற்றிய பழக்கம் என்றுகூடச் சொல்வேன். அந்த விடுதியில் உனக்கு வேறு வழி இருந்திருக்காது.

கண்ணீரைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். கோபம் வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார். தாடை இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா? அந்த இடத்தில் நின்று, "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று ஒரு வரி சொல்லிப் பார். நண்பனிடம் இப்போதுகூடச் சொல்லலாம்: "அன்னைக்குச் சண்டை போட்டது நீ போறது தாங்காமத்தான்." கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

ஆண்களுக்கு மனச்சோர்வு வரும்போது பல நேரம் அது சோகமாகத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எரிச்சலாக, குடியாக, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதாக, ஓயாத வேலையாகத் தெரியும். வீட்டில் இருப்பவர்களும் "குணமே மாறிப்போச்சு" என்று விலகுவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். ஆண்களின் விகிதம் பெண்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். இதற்கு ஒரே காரணம் கிடையாது, அழாததுதான் காரணம் என்று நான் சொல்லவும் மாட்டேன். உதவி கேட்கத் தயங்குவதற்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ அன்றே பேச வேண்டும். இது உனக்கு மட்டும் இல்லை, இதைப் படிக்கிற எல்லோருக்கும்.

---

இருபத்திரண்டு

நன்றி சார். அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.

---

இருவர்அப்பா

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு பத்து வயது. அவன் அழுதால் "என்ன ஆச்சு, யார் என்ன செஞ்சா, சொல்லு" என்று உடனே விசாரணையில் இறங்கிவிடுவது என் வழக்கம். அவன் அம்மா அப்படிச் செய்ய மாட்டாள். அவன் கூடவே ஏதாவது வேலை செய்துகொண்டு இருப்பாள். புத்தகத்துக்கு அட்டை போடுவது, துணி மடிப்பது. அவன் தானாகவே ஆரம்பிப்பான், முகத்தைப் பார்க்காமல், மடிக்கிற துணியைப் பார்த்துக்கொண்டு. பையன்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கவாட்டில் இருந்துகொண்டு பேசுவது சுலபம் போலிருக்கிறது. வண்டியில் போகும்போதுதான் அவன் நிறையச் சொல்கிறான்.

---

நிதானி

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். பொது இடத்தில் அழுவதைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. துக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, அதை நோயாகப் பார்க்கக்கூடாது. ஆனால் @மழைக்குமுன் எழுதிய கூடத்தை மறக்க முடியவில்லை. எல்லோரும் அக்கறையோடுதான் எழுந்திருக்கிறார்கள், அப்படியும் அவன் தனியாகிவிட்டான்.

ஒரு நடைமுறைக் கேள்வி. @இரவுப்பணி, எனக்கு இந்த மாதிரி நேரத்தில் கை கால் ஓடாது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்லிவிடுவேன். ஒருவர் முன்னால் அழுதால் என்னதான் செய்வது?

---

இரவுப்பணி

எங்கள் பிரிவில் நான் செய்வதைச் சொல்கிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்காருவேன். நாம் நின்றால் கிளம்பப் போகிறோம் என்று தோன்றும், அவரும் அவசரமாக முடித்துக்கொள்வார். எதிரே இல்லாமல் பக்கத்தில் உட்காருவேன், @இருவர்அப்பா சொன்னது போல. பேச மாட்டேன். துடைக்கும் காகிதத்தை உடனே நீட்ட மாட்டேன். அது "போதும், துடைத்துக்கொள்" என்று சொல்வது போல ஆகிவிடும். எட்டுகிற தூரத்தில் வைத்துவிடுவேன். தொடலாமா என்பது ஆளைப் பொறுத்தது. தோளில் கை வைத்தால் சிலர் சாய்வார்கள், சிலர் விறைப்பார்கள். விறைத்தால் எடுத்துவிட வேண்டும். அவர் "ஸாரி சார்" என்பார், கட்டாயம் சொல்வார். "பரவாயில்லை, இருக்கேன்" என்று மட்டும் சொல்வேன். உங்கள் மாமா மாதிரி அழாமல் இருப்பவர் என்றாலும் இதேதான், பக்கத்தில் உட்காருவேன். அவரை அழவைக்கப் பார்க்க மாட்டேன்.

---

மழைக்குமுன்

மறுநாள் என்ன செய்வது? அதைப் பற்றிப் பேசுவதா, ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதா? தம்பி விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தோம்.

---

எட்டாம்வரிசை

அக்கா, எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன். "நேத்து அழுதியே, இப்ப எப்படி இருக்கே" என்று யாராவது கேட்டிருந்தால் கூசிப் போயிருப்பேன். அதைக் கேட்க வேண்டாம். அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ராத்திரி யார் கூட இருக்கிறார்கள், மருத்துவர் என்ன சொன்னார், நீ தூங்கினாயா என்று. அழுகையை விட்டுவிட்டு அழுகைக்குக் காரணமானதைக் கேட்டிருந்தால் போதும். ஒரே ஒருவர், எங்கள் தளத்தைத் துப்புரவு செய்கிற அக்கா, "அப்பா இன்னிக்கு ஏதாச்சும் சாப்பிட்டாரா தம்பி?" என்று அடுத்த நாள் காலையில் கேட்டார். அவருக்குக் கூட்டத்தில் நடந்தது தெரியுமா தெரியாதா என்றே எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அப்பா வீடு திரும்பும் வரைக்கும் அவரிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

உங்கள் தம்பியிடம் வேலை தேடுவதைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அப்பா பார்த்துக்கொள்வார். அந்த ஒரு மாசம் காலையில் கிளம்பி எங்கே போனான், பகலெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று கேட்டுப் பாருங்கள். அதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.